பனித்தளத்தில் ஒரு கல்லாட்டம்

கரம் பலகையின் முன் அமர்ந்து, வழுவழுப்பான பரப்பின்மேல் மாவைத் தூவி, வட்டக் காயை விரலாற் சுண்டி ஆடிய பழக்கம் நேயர்களிற் பலருக்கு உண்டு. அந்தப் பலகை ஏறத்தாழ 150 அடி நீளமான பனிக்கட்டித் தளமாகவும், காய் 40 இறாத்தல் நிறையுள்ள கருங்கல்லாகவும் மாறிவிட்டதாக எண்ணிக்கொண்டால், ஸ்கொத்லாந்தில் தோன்றிய கேர்லிங் என்னும் விளையாட்டின் உருவம் ஒருவாறு மனக்கண்முன் எழும். இந்த ஆட்டத்தில் 21 வயதுக்குட்பட்ட ஆண்களும் பெண்களும் பங்குகொள்ளும் உலகப் போட்டி ஏற்பட்ட வரலாறு பார்வைக்குச் சிறியதே. எனினும், ஒரு பழைய ஆட்டம் பிறந்த மண்ணைக் கடந்து பிறருக்கும் உரியதான விதத்தையும், அதிற் பெண்களுக்கு உரிய இடம் கிடைக்க எத்துணைக் காலம் பிடித்தது என்பதையும் அது தெளிவாகக் காட்டுகிறது.

1541ஆம் ஆண்டிலே பெய்ஸ்லி மடத்தைச் சேர்ந்த ஜோன் ஸ்கிளேற்றர் என்னும் துறவி, மடாதிபதியின் உறவினர் ஒருவரைப் போட்டிக்கு அழைத்துப் பனிக்கட்டியின்மேற் கல் எறிந்தார் என்று ஒரு பத்திரப்பதிவாளர் இலத்தீன் மொழியில் எழுதிவைத்துள்ளார். துறவிகளுக்கும் இந்த ஆட்டத்தின் மீது பற்று விட்டபாடில்லைப் போலும்! 1838இல் எடின்பரோவில் ஆட்டத்துக்கெனத் தலைமைக் கழகம் ஒன்று அமைந்தது. நான்கு ஆண்டுகளின் பின் விக்ரோறியா மகாராணியார் ஸ்கொத்லாந்துக்கு எழுந்தருளியபோது பனிக்காலம் தொடங்கவில்லை. ஆகவே ஸ்கூன் அரண்மனையின் நடனமண்டபத்துப் பளபளப்பான மரத்தரையிலேயே கல்லைத் தள்ளி ஆட்டத்தை விளக்கிக் காட்டினர். மறு ஆண்டு அக்கழகத்துக்கு ‘றோயல்’ என்னும் பட்டம் கிடைத்தது.

ஸ்கொத்லாந்தியர் குடியேறிய இடமெல்லாம் கல்லும் உடன் சென்றது. 1807இலேயே மொன்றியலில் ஒரு கழகம் தோன்றிவிட்டது. நீண்ட குளிர்காலமுடைய கனடாவில் ஆட்டம் ஊர்தோறும் வேரூன்றிற்று. 1959இல் இரு நாட்டு ஆண் வாகையரும் ஸ்கொத்லாந்திற் சந்தித்தபோது, சஸ்காச்சுவான் மாகாணத்திலிருந்து வந்த ஏர்ணி றிச்சட்சனின் அணி ஐந்து ஆட்டங்களிலும் வென்றது. அண்ணன் தம்பி இருவரும் அவர்தம் ஒன்றுவிட்ட சகோதரர் இருவருமாகிய குடும்ப அணி அது. ஆண்களின் உலகப் போட்டிக்கு அதுவே தொடக்கமாயிற்று.

ஆட்டத்தின் நுட்பத்தை இங்கே சற்று நின்று நோக்குதல் தகும். ஓர் அணியில் நால்வர். ஒவ்வொருவருக்கும் இரண்டு கற்கள். இரு அணிக்குமாக ஒரு சுற்றில் 16 கற்கள். மறுமுனையில் 12 அடி விட்டமுள்ள வட்டங்கள் வரையப்பட்டிருக்கும். அவற்றின் நடுப்புள்ளிக்கு அண்மையிற் கல்லை நிறுத்துபவருக்கே வெற்றி. தளம் கண்ணாடிபோல் வழுவழுப்பாயிருப்பதன்று. நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைத்துச் சிறு சிறு பருக்களை உண்டாக்குவர். கைப்பிடியை மெல்லச் சுழற்றிவிட, கல் வளைந்து செல்லும். வியப்பு இதிலேதான் உண்டு. ஒரு குவளையை மேசைமேற் கவிழ்த்து வலஞ்சுழியாகச் சுழற்றித் தள்ளினால் அது இடப்பக்கம் வளையும். பனித்தளத்துக் கல்லோ வலப்பக்கம் வளைகிறது. இதற்குரிய காரணம் பற்றி விஞ்ஞானிகள் இன்றும் வாதிடுகின்றனர். கல்லின் முன்னே இருவர் தும்புத்தடி போன்ற துடைப்பங்கொண்டு தளத்தை விரைந்து தேய்ப்பர். அத் தேய்ப்பினாற் பரப்புச் சற்றே சூடேற, கல் கூடிய தூரம் செல்லும், வளைவும் குறையும். துடைப்பம் தவறிக் கல்லிற் பட்டுவிட்டால், பட்டவர் தாமே அதனை வெளிப்படுத்திச் சொல்லவேண்டும் என்பது மரபு. மத்தியத்தர் காண்பதற்கு முன் தன் தவறைத் தானே சொல்லும் வழக்கத்தைப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் கைக்கொள்ளுகின்றனர் என்பது இந்த ஆட்டத்தின் தனிப்பெருமை.

இளையோருக்கென நாடளாவிய போட்டியைக் கனடா 1950இலே தொடங்கிற்று. அது பள்ளி மாணவருக்கு மட்டுமே உரியது. மாணவியருக்கு அத்தகைய போட்டி வர 1971 ஆயிற்று. உலக அளவிலும் கதை இதுவேதான். 1975இல் றொறன்ரோ நகரை அடுத்த ஈஸ்ற் யோர்க்கில், டயர் உற்பத்தி நிறுவனம் ஒன்றின் ஆதரவில், இளைஞருக்கான முதல் உலகப் போட்டி நடைபெற்றது. வென்றவர் கனடியருமல்லர், ஸ்கொத்லாந்தியருமல்லர். ஜான் உல்ஸ்ரென் தலைமையிலான சுவீடன் அணியினர். மறு ஆண்டு ஸ்கொத்லாந்தின் அவிமோரில் கனடாவின் போல் கௌசெல் வாகை சூடினார். நீண்ட தலைமயிரும் தாடியுமாகத் தோன்றிய அவ்விளைஞரைக் கண்டு முதியோர் முகஞ்சுளித்ததுண்டு. கனடாவில் அந்நாளிற் பெருவழக்காயிருந்த வைக்கோற் துடைப்பத்தை விடுத்து, தள்ளித் தேய்க்கும் துடைப்பத்தைக் கையாண்டவர்களில் அவரும் ஒருவர். 1978இலும் அவரே வென்றபோது, முகஞ்சுளித்தவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை.

பெண்களின் நிலை என்ன? வளர்ந்த பெண்களுக்கான உலகப் போட்டி 1979இல் ஸ்கொத்லாந்தின் பேர்த் நகரில்தான் முதன்முதல் நடந்தது. இளம்பெண்களுக்கோ 1988 வரை ஒன்றுமில்லை. ஆண்பிள்ளைகள் பதின்மூன்று ஆண்டுகளாக உலக வாகையராக விளங்கிவர, அவர்தம் சகோதரிமார் பார்த்துக்கொண்டு இருந்தனர். கல்லின் பாரத்தைக் காரணமாகக் கூறுதற்கும் இடமில்லை. கல்லை எவரும் தூக்குவதில்லை, தள்ளுவதே வழக்கம். 1988இல் அப்போட்டி பிரான்சின் ஷமோனியில் நிகழ்ந்தது. 1924ஆம் ஆண்டின் முதற் குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்கள் மட்டும் கேர்லிங் ஆடிய அதே பள்ளத்தாக்கு அது. ஜூலி சட்டன் தலைமையில் கனடியப் பெண்கள் வென்றனர். 1989 முதல் ஆண்களும் பெண்களும் ஒரே நகரில், ஒரே காலத்தில் ஆடலாயினர். பெண்களின் போட்டியைத் தனியே ஒரு மூலையில் நடத்தி மறந்துவிடுவதற்கு அதன்பின் வழியிருக்கவில்லை.

இப்போட்டியிற் பயின்றோரே பின்னர் பெரியோர் அரங்கிலும் முன்னணியில் நின்றனர். 1989இல் வென்ற சுவீடனின் பீற்றர் லிண்ட்ஹோம் மும்முறை உலக வாகையரானார். ஸ்கொத்லாந்தின் ஈவ் மியூர்ஹெட் 2007, 2008, 2009, 2011 என நான்கு முறை இளையோர் பட்டத்தை வென்றார்; 2014இல் ஒலிம்பிக் வெண்கலமும், 2022இல் தங்கமும் பெற்றார். இவர்களைக் காட்டிலும் கருதத்தக்கது ஆசியரின் எழுச்சி. 2017இல் தென்கொரியாவின் கங்நுங் நகரில் அந்நாட்டு இளைஞர் வென்றனர். 2022இல் சுவீடனின் யோன்ஷேப்பிங்கில் ஜப்பானியப் பெண்கள் முதலிடம் பெற்றனர்.

பிறந்த மண்ணின் நிலையோ வேறு. ஸ்கொத்லாந்தின் வடபகுதியாரும் தென்பகுதியாரும் உறைந்த ஏரியிற் திரண்டு ஆடும் பேராட்டம் 1847இல் தொடங்கியது. பனிக்கட்டி போதிய தடிப்பாக உறைந்தால் மாத்திரமே அது நடைபெறும். மென்ரீத் ஏரியில் 1979இல் நடந்ததே இறுதியானது. அதன்பின் அதனை நடத்த வாய்க்கவில்லை. அந்நாட்டு இளையோர் இன்று ஆட்டம் பயில்வது இயந்திரத்தால் உறையவைத்த உள்ளரங்கத் தளங்களிலேயே. கல் மட்டும் பழைய இடத்தை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை. ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், கடற்பறவைகள் குடியிருக்கும் ஐல்சா கிறேக் என்னும் சிறு தீவின் கருங்கல்லே கங்நுங்கிலும் யோன்ஷேப்பிங்கிலும் பனித்தளத்தின்மேல் ஓடியது.