பாடல் பரவட்டும், பெயரோடு பரவட்டும்: குறைந்த செலவில் தம் இசையை மக்களிடம் கொண்டு செல்வோருக்கு

திருச்செந்தூரை அடுத்த குலசேகரன்பட்டினத்தில் ஆண்டுதோறும் முத்தாரம்மன் கோயில் தசரா நடைபெறும் நாட்களில் இக்கடற்கரை வட்டாரம் முழுவதும் இசையால் நிறைகிறது. வேடமணிந்த பக்தர்கள் தசராக் குழுக்களாக ஊர் ஊராகச் சென்று காணிக்கை திரட்டுகின்றனர். அவர்களோடு மேளக்காரர்களும் கரகாட்டக் கலைஞர்களும் பாடகர்களும் நடக்கின்றனர். அவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். ஒலிபெருக்கியில் பாடல்கள் தொடர்ந்து ஒலிக்கின்றன. ஆனால் எந்தப் பாடலை யார் எழுதினார் என்று எவரும் கேட்பதில்லை.

சொந்தமாகப் பாட்டெழுதி, திரைப்படத்தின் துணையின்றி அதை மக்களிடம் கொண்டு செல்ல விரும்பும் இளைஞர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய காட்சி இது. பணமில்லாமல் பாடலைப் பரப்புவது எப்படி என்பதை நம் மக்கள் எப்போதோ கற்றுவிட்டனர். பாடலோடு படைத்தவரின் பெயரும் உரிமையும் பயணம் செய்வதில்லை என்பதே நம் சிக்கல். இக்கட்டுரை குறைந்த செலவில் செய்யக்கூடியவற்றை அந்தக் கோணத்திலிருந்து தொகுத்துத் தருகிறது.

கேசட் காலம் கற்றுத் தந்தது

சிவகங்கை மாவட்டத்து மாரந்தையிலிருந்து வந்த முனைவர் கே.ஏ. குணசேகரன் (1955–2016) நாட்டுப்புற இசையைத் தலித் அரசியலின் குரலாக மாற்றியவர்களில் முதன்மையானவர். அவருடைய தன்னானே கலைக்குழுவுக்குப் பொதுக்கூட்ட மேடையும் தெருமுனையுமே அரங்குகள். கேசட்டுகள் அக்குரலை மேடைக்கு அப்பாலும் கொண்டு சென்றன. ஒரு கேசட் கையிலிருந்து கைக்கு மாறியது. அதைக் கேட்டவர் தம் ஊர்க் கூட்டத்தில் அப்பாடலைப் பாடினார். விளம்பரம் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. இயக்கமே விளம்பரமாக இருந்தது.

அவர் குரலில் ஊர்தோறும் பரவிய 'மனுசங்கடா' பாடலை எழுதியவர் கவிஞர் இன்குலாப். பாடலை அறிந்தோர் எண்ணற்றோர். எழுதியவரை அறிந்தோர் அதனினும் குறைவு. பெரும் கவிஞருக்கே இந்நிலை என்றால், உப்பளத்தில் வேலை செய்தபடி ஒரு பாட்டைக் கட்டிய பெண்ணின் பெயர் எங்கே பதிவாகும்?

பஞ்சாபின் ஜலந்தரைச் சேர்ந்த கின்னி மாஹியின் வழியும் இதை ஒத்ததே. ரவிதாஸ் விழா மேடைகளில் சிறு வயதிலேயே பாடத் தொடங்கிய அவர், அம்பேத்கரைப் பற்றிய பாடல்களை யூடியூப் வழியே உலகின் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றார். அவருக்கு முதலில் அமைந்தது சமூகத்தின் மேடை; இணையம் அதன் பின்னரே வந்தது.

'எஞ்சாய் எஞ்சாமி' எழுப்பிய கேள்வி

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' திரைப்படப் பாடல் அன்று. நிலமற்ற மக்களின் வரலாற்றையும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நினைவையும் அறிவு அதில் எழுதினார். கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டனர். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டைப்படத்தில் அவர் இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அப்பாடல் அரங்கேறியது. பாடலைத் தாமே இயற்றி எழுதிப் பாடியதாக அறிவு பதிவிட்டார். அது மூவரின் கூட்டுப் படைப்பு என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் விளக்கமளித்தார். 2024 மார்ச்சில் அப்பாடலிலிருந்து தமக்கோ சக கலைஞர்களுக்கோ வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே கூறினார்.

எவர் தரப்பு சரி என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. புகழின் உச்சியைத் தொட்ட பாடலுக்கே பெயரும் பணமும் தகராறுக்குள்ளாகும் என்றால், தொடக்க நிலையில் உள்ளோர் எழுத்துச் சான்றின்றி ஓர் அடியும் எடுத்து வைக்கக் கூடாது.

முதற்பணி: எழுத்தில் உரிமை

இதற்குச் செலவு ஏறத்தாழ இல்லை. பாடல் முடிந்த அன்றே ஒரு தாளில் யார் வரிகளை எழுதினார், யார் மெட்டமைத்தார், யார் பாடினார், யார் வாசித்தார், வருவாயில் எவருக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதி அனைவரும் கையொப்பமிட வேண்டும். நண்பர்களுக்குள் இது எதற்கு என்ற தயக்கம் எழும். நட்பு நீடிக்க வேண்டும் என்பதற்காகவே இத்தாள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நாம் அறிந்திருக்க வேண்டியவை:

• படைப்பை எழுதியோ பதிந்தோ வைத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. சான்று வேண்டுமெனில் வரிகள் அல்லது மெட்டை 500 ரூபாயிலும், ஒலிப்பதிவை 2,000 ரூபாயிலும் பதியலாம்.

• உரிமையை மற்றொருவருக்கு மாற்றுவது எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால் மட்டுமே செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ஆகவே 'என்றென்றைக்கும், உலகம் முழுவதற்கும்' என்ற சொற்களைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும்.

• 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டிப் பங்கை ஒரு நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றலாம்.

• உரிமையை விற்றுவிட்ட பின்னரும் 'இதைப் படைத்தவர் நான்' என்று கோரும் உரிமை படைப்பாளியிடமே இருக்கும்.

பாடல் வெளியான பின், 1969 முதல் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் பாடலாசிரியராகவோ இசையமைப்பாளராகவோ சேரலாம். பொது இடங்களிலும் ஒலிபரப்பிலும் பாடல் பயன்படும்போது சேரும் தொகையில் உறுப்பினருக்குப் பங்கு உண்டு.

இங்கு நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. ஊரில் ஒரு மூதாட்டி பாடிய ஒப்பாரியிலிருந்து மெட்டை எடுத்தால் அவர் பெயரையும் ஊரையும் குறிப்பிட்டு, வருவாயில் பங்கும் தர வேண்டும். நமக்கு இழைக்கப்பட்டதை நாம் பிறருக்கு இழைக்கலாகாது.

ஒலிப்பதிவும் இணையமும்

இன்றைய கைப்பேசியே தொடக்கத்துக்குப் போதுமான ஒலிப்பதிவுக் கருவி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணிகள் நிறைந்த சிறு அறையில் பதிந்தால் எதிரொலி குறையும். கையில் சிறிது பணம் இருந்தால் அதைக் காணொளிக்குச் செலவிடுவதைவிட நல்ல மைக்குக்கும் ஒலிக்கலவைக்கும் செலவிடுவதே நலம். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கூட வரிகள் விளங்காத பாடலைப் பொறுப்பதில்லை. இணையத்தில் 'இலவசம்' என்று கிடைக்கும் தாளப் பின்னணியைப் பயன்படுத்துவோர் அதன் உரிம விதிகளைப் படித்துச் சேமித்து வைக்க வேண்டும். இல்லையெனில் பாடலின் வருவாய் வேறொருவர் கோரிக்கையில் சிக்கும்.

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் பாடலை நேரடியாக ஏற்ற இயலாது. விநியோக நிறுவனம் ஒன்றின் வழியே செல்ல வேண்டும். சில ஆண்டுச் சந்தா பெறுகின்றன. சில முன்பணம் கேளாமல் வருவாயில் பங்கு எடுக்கின்றன. கையில் பணமில்லாதோருக்குப் பின்னதே பொருந்தும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் 12 எழுத்து அடையாளக் குறியீடு கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும்.

வருவாயைப் பற்றி மயக்கம் கூடாது. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை. யூடியூபில் விளம்பர வருவாய் பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி எனில் 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். தொடக்க ஆண்டுகளில் இணையம் நம் முகவரி மட்டுமே; வருவாய்க்கு வேறு வழி தேட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் முன்னனுப்பப்படும் ஒலிக்கோப்பில் குறிப்புரை உடன் செல்வதில்லை. ஆகவே பாடலின் முதல் சில நொடிகளிலேயே பெயரைச் சொல்லிவிட வேண்டும். கீர்த்தனைக்காரர் முத்திரை வைத்தனர். கானாப் பாடகர் தம் பெயரைப் பாட்டுக்குள்ளேயே கோத்தனர். ஒரு காசும் செலவில்லாத இவ்வழியே பெயரைக் காக்கும் உறுதியான வழி.

மேடைகள்

ஏப்ரல் 14 விழா, தொழிற்சங்கக் கூட்டம், கல்லூரிக் கலைவிழா, நூல் வெளியீடு என ஆண்டு முழுவதும் நம் மேடைகள் உள்ளன. தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்தில் வில்லிசைக்கும் தசராக் குழுக்களுக்கும் பழகிய செவிகள் உள்ளன. எங்கு பாடினாலும் பயணச் செலவையும் சிறு தொகையையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். 'இயக்கத்துக்காக இலவசமாகப் பாடு' என்னும் தோழர்கள், மேடைப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் தருகிறார்கள் என்பதை நினைவூட்டத் தயங்க வேண்டியதில்லை.

2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவும், 2020 டிசம்பரில் தொடங்கிய மார்கழியில் மக்களிசை விழாவும் கானாவையும் பறையையும் சபா இசைக்கு இணையான மேடையில் நிறுத்தின. திருநெல்வேலி வானொலி நிலையத்தின் குரல் தேர்வில் தேறினால் நாட்டுப்புறப் பாடகராக ஊதியத்துடன் பாடலாம். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராவதும், இசைக்கருவி வாங்க இயல் இசை நாடக மன்றத்தின் நிதியுதவிக்கு விண்ணப்பிப்பதும் நம் உரிமைகள்.

ஒரு போராட்டத்தோடு இணைந்த பாடல் விளம்பரமின்றியே பயணிக்கும். 2015இல் சோஃபியா அஷ்ரப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' பாதரச நச்சுக்குள்ளான தொழிலாளர்களின் கோரிக்கையை உலகறியச் செய்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் அந்நிறுவனம் உடன்பாடு கண்டது. பாடலின் அடியில் ஒரு கோரிக்கை மனுவின் இணைப்பு இருந்தால் கேட்பவர் செயல்படுபவராக மாறுகிறார்.

எச்சரிக்கை

தென்மாவட்டங்களில் ஒவ்வொரு சாதிக்கும் பெருமைப் பாடல்கள் உண்டு. அவற்றுக்கு யூடியூபில் பார்வைகள் விரைவாகக் குவிகின்றன. விரைவாக வளர விரும்புவோரை இவ்வழி ஈர்க்கும். ஆனால் சாதியை ஒழிக்கும் பாடல் வேறு, சாதியைச் சுமக்கும் பாடல் வேறு. முன்னதற்குக் கூட்டம் மெல்லச் சேரும். சேர்ந்தது எளிதில் கலையாது.

எதிர்ப்பும் வரும். மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடியதற்காக 2015 அக்டோபரில் பாடகர் கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். சாதி சொல்லி இழிவுபடுத்தும் பின்னூட்டம் வந்தால் அழிக்கும் முன் தேதி, இணைப்புடன் படமெடுத்து வைக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புகாருக்கு அதுவே சான்று. வீடும் அன்றாட வழித்தடமும் காணொளியில் தெரியாமல் பார்த்துக்கொள்வது, குறிப்பாகப் பெண் கலைஞர்களுக்கு, மிகவும் தேவை.

அடுத்த தசராவில் இக்கடற்கரையில் ஒலிக்கும் ஒரு புதுப்பாடலையேனும் கேட்டுவிட்டு 'இதை எழுதியது யார்?' என்று நாம் கேட்போம். விடை தெரிந்தால் அப்பெயரைச் சேர்த்தே பாடலைப் பகிர்வோம். பாடலாசிரியர் செய்ய வேண்டியவை பல இருப்பினும், கேட்பவர் செய்யக்கூடிய இந்த ஒன்று இல்லாமல் அவை நிறைவு பெறா.