பற்றவைத்தபின் எஞ்சுவது

பித்தளையும் செம்புமே சமையலறையை ஆண்டுவந்த காலத்தில், திண்டுக்கல் நகரத்திலும் அதைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களிலும் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்த தொழிலாளி, தெருவோரத்தில் குழி தோண்டிக் கரியிட்டுத் துருத்தியால் ஊதி, காய்ந்த பாத்திரத்தின் உட்புறத்தில் நவச்சாரப் பொடியைத் தூவி, வெண்புகை எழும் அந்தக் கணத்திலேயே ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் பரப்பி முடித்தாலும், அதைத் தண்ணீரில் அமிழ்த்திக் கழுவாமல் வீட்டாரிடம் ஒப்படைக்க மாட்டார். வேடிக்கை பார்த்தவர்களுக்குப் புகையும் பளபளப்பும் நினைவில் நின்றன. தொழிலின் நுட்பமோ அந்தக் கடைசி முழுக்கில் இருந்தது.

வெப்பத்தில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது உலோகத்தின் மேல் படிந்த ஆக்ஸைடை அரித்து நீக்க, சுத்தமான பரப்பில் ஈயம் பற்றிக்கொள்கிறது. ஆனால் அந்த அரிக்கும் சுபாவம் காரியம் முடிந்ததோடு அடங்கிவிடுவதில்லை. எஞ்சிய உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி மறுபடியும் உலோகத்தைத் தின்னத் தொடங்கும். உணவு வைக்கும் பாத்திரத்தில் பச்சைக் களிம்பு ஏறும்.

பொற்கொல்லர் கையாண்ட வெங்காரத்தின் வழி வேறு. திபெத்திய ஏரிக்கரைகளிலிருந்து நெடுந்தூரம் வியாபாரிகள் கைமாறி வந்த அந்தப் பொருள், சுமார் 740 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கண்ணாடிபோல் உருகி, ஆக்ஸைடைத் தன்னுள் கரைத்துக்கொண்டு, ஆறியதும் அரமும் வழுக்கும் கெட்டிப் படலமாக நிற்கும். அதை நீக்க நகையைப் புளித் தண்ணீரிலோ நீர்த்த அமிலத்திலோ காய்ச்சினார்கள்.

1939ஆம் ஆண்டு மே மாதம் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கியபின், வால்வு ரேடியோப் பெட்டிகளும், அவற்றைப் பழுதுபார்க்கும் கடைகளும் இப்பிரதேசத்து ஊர்களில் இடம்பெறலாயின. தகர வேலைக்காரர் துத்தநாகத்தை அமிலத்தில் கரைத்துத் தயாரித்த திராவகம் இங்கே உதவாது. தகர டப்பாவைக் கழுவிவிடலாம், தலைமயிர் போன்ற செப்புக் கம்பி சுற்றிய சுருளை எப்படிக் கழுவுவது? எனவே பைன் மரப் பிசினிலிருந்து டர்பென்டைனை வடித்தெடுத்தபின் மிஞ்சும் ரோசின் இத்தொழிலுக்கு உகந்ததாயிற்று. அதிலுள்ள அபியெடிக் அமிலம் உருகியிருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். ஆறினால் ஈரத்தைத் தடுத்து, மின்சாரத்தையும் கடத்தாமல், சாதுவாகக் கிடக்கும். எஞ்சியதை அப்படியே விட்டுவைக்கலாம் என்ற சௌகரியம் அப்போதுதான் பிறந்தது.

அந்தச் சௌகரியத்தையே பொதுவிதியாகக் கொண்டதுதான் பிற்காலத்துப் பிழை. டிரான்சிஸ்டரும் அச்சிட்ட மின்சுற்றுப் பலகையும் வந்து, உதிரி உறுப்புகள் அடங்கிய கிட் வாங்கிக் கோத்துப் பழகும் வழக்கம் பரவியபோது, கம்பிகளின் இடைவெளி மயிரிழையாயிற்று. ரோசினோடு உக்கிரமான சேர்க்கைகளும் கலந்தன. பெரிய ஆலைகள் பலகைகளைக் குளோரோஃப்ளூரோகார்பன் திரவத்தில் கழுவிவந்தன. ஓசோன் படலத்துக்கு அது விளைக்கும் கேட்டை முன்னிட்டு 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டபின், ரோசின்போலப் பற்றவைக்க உதவும் ஃபிளக்ஸ் எனும் பொருளில், கழுவாமலே விடத்தக்க வகைகள் பெருகின. கடையில் டப்பாவில் விற்கும் பேஸ்ட் அனைத்தும் அந்த ஜாதி அல்ல. சிலவற்றில் குளோரைடு உண்டு. தின்னரால் துடைப்பவர்கள் சில பிளாஸ்டிக் உறுப்புகளையும் சேர்த்தே கரைத்துவிடுகிறார்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தூரிகையும் போதும். ஆனால் கரைந்த அழுக்கு உலருமுன் துணியால் ஒற்றியெடுத்து, புதிய ஆல்கஹாலால் மறுமுறை கழுவவேண்டும். இல்லையேல் ஓரிடத்தில் இருந்தது பலகை முழுதும் மெல்லிய படலமாகப் பரவும். கழுவவேண்டாத வகையையோ முழுதாகக் கழுவவேண்டும், அல்லது தொடாமலே விடவேண்டும். அரைகுறைக் கழுவலே அதிக அபாயம். நீரில் கரையும் வகையை அன்றைக்கே வெந்நீரில் கழுவிவிடுவது நலம்.

பழனி மலைக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட இச்சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி வறட்சியாதலால், சித்திரையில் குறையின்றி இயங்கும் பலகை, ஐப்பசியின் வடகிழக்குப் பருவமழை ஈரத்தில்தான் தன் குற்றத்தை வெளியிடும். அதற்குள் செய்தவர் காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். ஆகையால் மாணவர்களுக்குப் பற்றவைக்கக் கற்பிக்கும் அன்றைக்கே, எந்த மிச்சத்தைக் கழுவுவது, எதை விட்டுவைப்பது என்பதையும் கற்பியுங்கள் என்று இந்த ஜில்லாவின் ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.