சலேத் மாதாவும் மலைநாட்டுப் பச்சாத்தாபமும்

பள்ளங்கி, வில்பட்டி முதலிய ஊர்களின் சரிவுகளிலே படிப்படியாக இறங்கும் உருளைக்கிழங்குக் காடுகளையும் பூண்டுக் காடுகளையும் கண்டு பழகியவர்களுக்கு, அண்டையிலுள்ள கொடைக்கானலில் சலேத் மாதாவின் பெயரால் ஒரு கோயில் எழுந்தது விந்தையாகத் தோன்றாது. பிரெஞ்சு தேசத்து ஆல்ப்ஸ் மலையில், லாசலேத் என்னும் சிற்றூரின், ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்திலுள்ள மேய்ச்சல் வெளியிலே, 1846 செப்டம்பர் 19-ஆம் தேதி, மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்ற இரு பிள்ளைகள், முகத்தைக் கைகளில் புதைத்துக் கண்ணீர் சொரியும் ஒரு மாதரசியைக் கண்டதாகக் கூறினர். ஞாயிறு அனுஷ்டானத்தைக் கைவிட்டதும் தேவநாமத்தை அவமதித்ததுமே கிழங்கு அழுகியதற்குக் காரணமென்றும், ஜனங்கள் மனந்திரும்பினால் கல்லும் கோதுமைக் குவியலாகுமென்றும் அம்மாதரசி உரைத்தாளாம். ஐரோப்பா எங்கும் உருளைக்கிழங்கை நோய் வாட்டிய காலம் அது. கிரெனோபிள் மேற்றிராணியார் விசாரணை நடத்தி, 1851-இல் அக்காட்சியை அங்கீகரித்தார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1866-இல், பிரெஞ்சு சேசுசபைக் குருவான லூயி சேன்சீர் கொடைக்கானலிலே அந்த மாதாவுக்குக் கோயில் எடுத்தார். இம்மலைக்கு வெள்ளையர் ஏறியது ஆத்தும லாபத்தை நாடியன்று. மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தப்பிப் பிழைக்கவே அமெரிக்க மிஷனரிமார் 1845-இல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினர். உடம்பைக் காக்க வந்த இடத்திலே, அழுது மனந்திருந்தச் சொல்லும் மாதாவுக்கு ஆலயம் அமைந்தது, எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது.

அந்த மனந்திருந்துதலுக்குத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே நெடிய வழக்கம் உண்டு. சேசுசபைக் குருவான அண்ட்ரிக் அடிகளார் தமிழ் அச்சின் தொடக்க நாட்களிலேயே, 1580-இல், பாவசங்கீர்த்தனத்துக்கென ஒரு கைந்நூலைக் கொச்சியில் அச்சிட்டார் என்பதிலிருந்து, அக்காலக் குருக்கள் எதை அவசரமாகக் கருதினர் என்பது விளங்கும். சங்கீர்த்தனத் தொட்டியின் மரச்சல்லடைக்கு இப்புறம் முழந்தாளிட்டு, கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை மாதமாயிற்று என்று தொடங்கி, பாவத்தை வகையும் தொகையுமாகச் சொல்லி, மனஸ்தாப மந்திரம் சொல்லி, அபராதமாக விதிக்கப்பட்ட ஜெபங்களோடு எழுந்து போவது பலரும் அறிந்த முறை. பலரும் மறந்துவிடுவது மற்றொன்று: பிறன் பொருளை எடுத்தவன் அதைத் திருப்பிக் கொடுக்கும் நிச்சயமில்லாமல் பெறும் பாவமன்னிப்பு செல்லாது என்பது திருச்சபையின் தீராத போதனை. வரப்புக் கல்லை நாலு அடி தள்ளி நட்டவன், கண்ணீர் எவ்வளவு விட்டாலும், கல்லைப் பழைய இடத்தில் நடும்வரை பச்சாத்தாபி ஆகான்.

1895-இல் செண்பகனூரில் சேசுசபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரி இந்த அப்பியாசத்தை இன்னும் நுட்பமாக்கிற்று. அச்சபையைத் தோற்றுவித்த இஞ்ஞாசியார் 1522 முதல் மன்ரேசாவில் தாம் அனுபவித்தவற்றைக் கொண்டு இயற்றி, 1548-இல் மூன்றாம் சின்னப்பர் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற ஞானப் பயிற்சிகள் முப்பது நாள் மௌன ஒடுக்கமாக நடைபெறும். அதன் முதற்பகுதி முழுதும் பாவத்தையும் பச்சாத்தாபத்தையும் பற்றியது. குறிப்பிட்ட ஒரு குற்றத்தை விலக்க முயல்பவன், அதில் தவறும்போதெல்லாம் மார்பில் கை வைத்து வருந்தி, நாளுக்கு இருமுறை கோடிட்ட தாளிலே புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு சோடிக் கோடுகள். நாளாவட்டத்தில் புள்ளி குறைகிறதா என்று நேற்றையதோடு இன்றையதை ஒப்பிட்டுப் பார்ப்பான். வணிகனின் கணக்கேட்டை ஒத்த இம்முறையைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் உணர்ச்சிவேகத்தில் ஒருநாள் அழுது மறுநாள் மறக்கும் பக்தியைவிட இந்தக் கணக்கு எவ்வளவோ மேல்.

ஆகஸ்டு நடுவில் சலேத் மாதா திருநாள் வருகிறது. தேரைக் காணச் செல்கிற அன்பர்கள் பாவசங்கீர்த்தனத்தை இரண்டு நாள் முன்னதாகவே முடித்துக்கொள்வது நலம். திருநாளன்று தொட்டியின்முன் நிற்கும் வரிசையில் குருவுக்கும் அவகாசமிராது, சொல்பவனுக்கும் நிதானமிராது.