நிறுக்கப்பட்ட உடல்: சித்தூரிலும் திருப்பதியிலும் எடையின் வரலாறு

இது சற்று நீண்ட பதிவு. 2022 நவம்பரில் திருப்பதியில் எனக்கு எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் என்னைக் காண்போர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளுள் ஒன்றைக் கேட்கின்றனர். ‘எத்தனை கிலோ குறைந்தது?’ என்பது ஒன்று. ‘வாயைக் கட்டியிருந்தால் போதாதா?’ என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு ஓர் எண் போதும். இரண்டாவதற்கு விடை சொல்ல ஒரு வரலாறு தேவைப்படுகிறது. மருத்துவ வரலாற்றை ஆய்வுப்பொருளாகக் கொண்டவள் என்ற முறையில் அதை எழுதும் கடமையும் எனக்கு இருக்கிறது.

நான் 1988இல் சித்தூரில் குறைமாதத்தில் பிறந்தேன். எடை 1.9 கிலோ. தாய்ப்பாலை உறிஞ்சும் வலுவின்றி இருந்த எனக்கு என் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, வெள்ளிப் பாலாடையால் சிறிது சிறிதாகப் பால் புகட்டினார். பிள்ளை தேறினால் அதன் எடைக்கு எடை வெல்லம் தருவதாகத் திருமலைக்கு நேர்ந்துகொண்டார். மூன்றாம் வயதில் துலாபாரத் தராசில் என்னை உட்கார வைத்தார்கள். பன்னிரண்டு கிலோ வெல்லம் சென்றதாக வீட்டில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, அதே மலையின் அடிவாரத்து நகரில், ஒரு மருத்துவமனையின் மின்னணு எடைக்கருவி 118 என்று காட்டியது. முதல் தராசில் என் எடை அருளின் சான்று. இரண்டாவதில் அது குற்றப்பத்திரிகை. இடைப்பட்ட காலத்தில் மாறியது என் உடல் மட்டும்தானா என்ற வினாவிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

எடையை அறத்தோடு பிணைத்துப் பார்க்கும் வழக்கம் நம் பகுதியில் மிகப் பழையது. முதலாம் இராசராசன் திருவிசலூரில் துலாபாரம் செய்ததைக் கல்வெட்டு கூறும். திருமலையோடு நெருங்கிய தொடர்புடைய விசயநகர மன்னர் அச்சுததேவராயர் காஞ்சிபுரத்தில் தம்மை முத்துக்கு நிகராக நிறுத்துக்கொண்டார். அத்தராசில் அரசனின் உடல் எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவு பெரிது கொடை. அங்கே கனம் ஒரு குறையன்று.

அடுத்த தராசு பஞ்சத்தினுடையது. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தை அழித்த பெரும்பஞ்சத்தில் வடஆர்க்காடு மாவட்டமும் சிக்கியது. அப்போது அம்மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். வைசிராய் லிட்டனால் அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று 1877 தொடக்கத்தில் வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனுடன் பருப்பும் காய்கறியும் இன்றி உழைக்கும் உடல் நிலைக்காது என்பது அவர் வாதம். ஓர் உடலுக்கு எவ்வளவு உணவு ‘போதும்’ என்பதை அவ்வுடலுக்கு வெளியே இருப்பவர் தீர்மானிக்கும் அதிகாரம், நம் ஆவணங்களில் இவ்வளவு வெளிப்படையாகப் பதிவான தருணங்கள் சிலவே.

மூன்றாவது தராசு மருத்துவமனையினுடையது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. அம்மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகில் 1915இல் திறக்கப்பட்ட காசநோய் மருத்துவ நிலையத்தால் அவ்விடத்துக்கு ஆரோக்கியவரம் என்றே பெயர் நிலைத்தது. மருந்தில்லாத அக்காலத்தில் ஓய்வும் நற்காற்றும் நிறைந்த உணவுமே காசநோய்க்கான சிகிச்சை. உலகெங்கும் இத்தகைய நிலையங்களில் நோயாளியை முறையாக எடைபோட்டனர். எடை கூடுவது நலத்தின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. இந்நம்பிக்கையை அசைத்ததும் நம் மண்ணில் நடந்த ஆய்வுதான். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் காசநோயாளரில் ஒரு பகுதியினர் மருத்துவ நிலையத்திலும், மற்றொரு பகுதியினர் தம் ஏழ்மையான வீடுகளிலும் ஒரே மருந்தைப் பெற்றனர். நிலையத்தில் இருந்தோர் நன்கு உண்டு அதிக எடை பெற்றனர். ஆயினும் நோய் தீர்வதில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒத்திருந்தனர் என்று 1959இல் முடிவு வெளியாயிற்று. எடையும் நலமும் ஒன்றல்ல என்று அன்றே நிறுவப்பட்டது. நாம்தான் அதை மறந்தோம்.

இன்று நம்மை நிறுப்பது உடல் நிறை எண். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. பெல்ஜிய வானியலாளர் கெத்லே 1830களில் ‘சராசரி மனிதனை’த் தேடியபோது கண்ட கணக்கு இது. நோயைக் கண்டறிய அவர் அதை உருவாக்கவில்லை. 1972இல் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டியவர் அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸ். அதே கீஸ்தான் 1944–45இல் மின்னசோட்டாவில் 36 தன்னார்வலர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தவர். மனவுறுதி மிக்க அவ்விளைஞர்கள் உணவைத் தவிர வேறெதையும் நினைக்க இயலாதவராயினர். சமையற்குறிப்பு நூல்களைப் படித்தனர். கட்டுப்பாடு நீங்கியபின் அளவின்றி உண்டும் பசி அடங்காதவர் பலர். ‘வாயைக் கட்டு’ என்னும் அறிவுரையின் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வை நான் படித்ததில்லை.

அந்த எண்ணும் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. 2004இல் மருத்துவர் யாஜ்னிக்கும் ஆங்கிலேய அறிவியலாளர் யட்கினும் அருகருகே நின்ற படமொன்று லான்செட் இதழில் வெளிவந்தது. இருவரின் உடல் நிறை எண்ணும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. புனே அருகே அவர் குழுவினர் நடத்திய ஆய்வில், எடை குறைந்து பிறந்த இந்தியக் குழந்தைகளிடமும் கொழுப்பு மட்டும் ஒப்பளவில் குறையாமல் இருந்தது. கருவில் ஊட்டம் குறைந்த உடல் சிக்கனத்துக்குப் பழகிப் பின்னாளில் நீரிழிவுக்கு இலக்காகிறது என்ற கருதுகோளை ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் முன்வைத்திருந்தனர். 1877இன் பஞ்சத்துக்கும் என் நீரிழிவுக்கும் நேர்க்கோடு இழுப்பது வரலாற்று முறைமை ஆகாது. ஆயினும் 1.9 கிலோவில் பிறந்தவள் 118 கிலோவில் நின்றபோது, அவ்விரண்டு எண்களையும் முரண்களாக என்னால் பார்க்க இயலவில்லை.

இனி முடிவெடுத்த கதை. என் அம்மா நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்து 2016இல் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53. டயாலிசிஸுக்காக வாரம் இருமுறை அவரை அழைத்துச் சென்ற பேருந்துப் பயணங்களில் நான் முனைவர் பட்டத்துக்குரிய நூல்களைப் படித்துக்கொண்டிருந்தேன். 2022இல் எனக்கும் இன்சுலின் நாளுக்கு இருமுறை என்றாயிற்று. உறக்கத்தில் மூச்சுத் தடைபட்டது. உடல் நிறை எண் 47. ஓராண்டில் ஒன்பது கிலோ குறைத்து அடுத்த ஆண்டில் பதினான்கு கிலோ ஏற்றிக்கொண்டதும் நடந்தது. கருத்தரங்கு ஒன்றின் மதிய உணவில் மூத்த பேராசிரியர் ஒருவர், திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைப் படித்ததில்லையா என்று சிரித்தபடி கேட்டார். அவ்வதிகாரம் மருத்துவனைப் பற்றிப் பேசுமுன் அளவறிந்து உண்பதைப் பேசுவது உண்மையே. ஆனால் ‘பசித்து உண்’ என்னும் அறம், பசி என்ற அறிவிப்பு பழுதின்றி வேலை செய்யும் உடலுக்கு உரியது. என் உடலில் அவ்வறிவிப்பு ஓய்வதே இல்லை.

வீட்டில் எதிர்த்தவர் ஆயா. 1950களின் தொடக்கத்தில் ராயலசீமையை வறட்சி வாட்டியபோது, சிறுமியாகக் கஞ்சித் தொட்டி வரிசையில் நின்றவர். அவருக்குச் சதை என்பது சேமிப்பு. அதோடு அவரிடம் வேறொரு சான்றும் இருந்தது. 1967இல் வேலூரில் தாத்தாவுக்கு வயிற்றுப்புண்ணுக்காக அறுவை நடந்திருந்தது. அக்காலத் தென்னிந்தியாவில் முன்சிறுகுடற்புண் மிகப் பரவலாக இருந்த நோய். இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை இங்குள்ள மருத்துவர்களுக்கு நன்கு கைவந்த கலை. ஆயா சொன்னார்: “உங்க தாத்தாவுக்கு வயித்த அறுத்தாங்களே, அப்புறம் சாவுற வரைக்கும் ஒடம்புல சதையே புடிக்கல. நீயும் அப்பிடி ஆவணுமா கண்ணு?”

நான் வாயடைத்துப்போனேன். ஏனெனில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் கண்டதும் இதையேதான். புண்ணுக்காக இரைப்பையின் பகுதியை இழந்தோர் மீண்டும் பருமனாவதில்லை என்ற கவனிப்பிலிருந்தே அவரும் இட்டோவும் 1966இல் பருமனுக்கான இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினர். என் ஆயாவின் அச்சமும் மேசனின் நம்பிக்கையும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள். உணவு கிடைக்காத காலத்தைக் கண்டவருக்கு அது பின்விளைவு. உணவு மிகுந்த நாட்டு மருத்துவருக்கு அது சிகிச்சை.

இத்துறையின் வரலாறு தூய்மையானதும் அன்று. 1954இல் மின்னசோட்டா மருத்துவர்கள் வெளியிட்ட முதல் முறை, சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாதபடி விலக்கியது. எடை குறைந்தது. கூடவே ஈரலும் சிறுநீரகமும் கெட்டுப் பலர் துன்புற்றதால் அம்முறை கைவிடப்பட்டது. மேசனின் முறையோடு, சுவிட்சர்லாந்தின் ரூ என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்திருந்த ஒய் வடிவ இணைப்பை 1977இல் கிரிஃபன் சேர்த்தார். 1994இல் இதை நுண்துளை வழியே செய்யும் முறை வெளியாயிற்று. 1995இல் போரிஸ் குழுவினர், அறுவைக்குப்பின் எடை குறையுமுன்பே சில நாட்களில் நீரிழிவு தணிவதை எழுதினர். 1999இல் ஜப்பானில் கிரெலின் என்னும் பசி இயக்குநீர் கண்டறியப்பட்டது. இரைப்பை வெறும் பை அன்று, மூளையோடு ஓயாது பேசும் உறுப்பு என்பது அதன்பின்தான் விளங்கியது. அறுவை உணவின் இடத்தைச் சுருக்குவதோடு அந்தப் பேச்சையும் மாற்றுகிறது. 1987இல் தொடங்கிய சுவீடன் ஆய்வு, நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து, அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு குறைவு என்று 2007இல் அறிவித்தது. அம்மாவின் வயதை நினைத்துக்கொண்டு நான் ஒப்பத்தில் கையெழுத்திட்டது இந்த முடிவின் பலத்தில்தான்.

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி வழியே செல்லவேண்டும். 1960இல் வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும் 1993இல் சுவிம்ஸும் வந்தபின் அது யாத்திரை நகரம் மட்டுமன்று, ராயலசீமையின் மருத்துவ நகரமும் ஆயிற்று. முடியிறக்கிய தலைகளும் எக்ஸ்ரே உறைகளும் ஒரே பேருந்தில் பயணம் செய்யும். என் அறுவை மூன்று மணி நேரம் நடந்தது. நான்காம் நாள் வீடு திரும்பியபோது இன்சுலின் நிறுத்தப்பட்டிருந்தது. ‘குணம்’ என்ற சொல்லை மருத்துவர் பயன்படுத்தவில்லை. ‘தணிவு’ என்றே சொன்னார். அந்தக் கவனத்துக்கு நான் இன்றும் நன்றியுடையவள்.

புதிதாக அமைந்த என் இரைப்பையின் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லி. முதல் வாரங்களில் நீரையும் தெளிந்த நீர்மங்களையும் சிறுசிறு மிடறுகளாக மட்டுமே அருந்தவேண்டும். மருத்துவமனை தந்த பிளாஸ்டிக் அளவுக்குவளை எனக்குக் கைவரவில்லை. பழக்கத்தில் விரைந்து குடித்து, வாந்தியெடுத்து, நீரிழப்பால் ஓரிரவு மீண்டும் படுக்கையில் சேர்ந்தேன். மறுநாள் ஆயா பேசாமல் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய வெள்ளிப் பாலாடையை எடுத்துவந்தார். மோரின் தெளிவை அதில் ஊற்றி, கால்மணிக்கு ஒருமுறை தந்தார். முப்பத்து நான்கு வயதில் நான் அதிலேயே குடித்தேன். மூன்றாம் வாரம் அது நீர்த்த கேழ்வரகுக் கூழாயிற்று. எதிர்த்தவர் ஏன் மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை. ஒருவேளை அவர் மாறவே இல்லை. ஒட்டிய வயிற்றுக்கு ஊட்டுவது அவர் அறிந்த வேலை. அதைச் செய்தார்.

மீட்சியின் மற்றப் பக்கங்களையும் சொல்லவேண்டும். நான்காம் மாதம் முடி கொத்தாகக் கொட்டியது. இரும்புச்சத்து குறைந்தது. விட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. ஆனால் இவற்றைவிட என்னைக் கலக்கியது பசியின்மை. எந்நேரமும் உடனிருந்த ஓசை திடீரென அடங்கியபோது, விடுதலையோடு ஒருவகைத் துக்கமும் வந்தது. திருமணப் பந்தியில் இலை முன் அமர்ந்து மூன்று வாய் உண்டு எழுந்தால், பரிமாறுபவர் மனம் நோகிறது. உறவு உணவால் பேசப்படும் சமூகத்தில் இரைப்பையைச் சுருக்குவது மொழியின் ஒரு பகுதியை இழப்பதற்கு நிகர்.

ஓராண்டு கழித்துத் திருமலை சென்றேன். லட்டில் பாதியை மகிழ்ச்சியில் உண்டுவிட்டேன். சிறிது நேரத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வெளியே திண்ணையில் சாய்ந்தேன். சர்க்கரை சிறுகுடலுக்கு விரைந்து இறங்கினால் இப்படியாகும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அங்கிருந்து பார்க்கையில் துலாபாரத்துக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் ஒரு குடும்பம் கண்ணில் பட்டது. பிள்ளை கனக்கவேண்டும் என்பதே அவர்களின் வேண்டுதல்.

கேட்டவர்களுக்காக எண்ணையும் தருகிறேன். பதினெட்டு மாதத்தில் 118 கிலோ 77 ஆனது. இன்று 81. இதில் நான்கு கிலோ திரும்பியிருப்பதைத் தோல்வி என்பார் உண்டு. அரசனின் தராசு, பஞ்சத்தின் தராசு, மருத்துவ நிலையத்தின் தராசு ஆகிய ஒவ்வொன்றும் தன் காலத்தின் தேவையையே உடல்மேல் எழுதியது. எனவே, எடையைக் கொண்டு ஒருவரின் ஒழுக்கத்தை அளக்கும் தராசு எங்கும் செய்யப்பட்டதில்லை என்பதே நான் கற்றது. அறுவையை நான் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. அம்மாவின் வயதைக் கடந்து வாழ விரும்பினேன். அதற்கு எனக்கு இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளன. வாயைக் கட்டியிருந்தால் போதாதா என்று இனி யாரேனும் கேட்டால், இப்பதிவைப் படிக்கச் சொல்வேன்.