தண்ணீருக்குள் போன ஊர்

லிவர்பூல் என்றதும் நமக்கெல்லாம் கால்பந்தும் பீட்டில்ஸும்தான் ஞாபகம் வரும். அந்த நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு கிராமமே மூழ்கிப்போன கதை தெரியுமா நண்பர்களே?

வடக்கு வேல்ஸில், ட்ரிவெரின் பள்ளத்தாக்கில் இருந்தது காப்பெல் கெலின். ஒரு பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், சர்ச், சில பண்ணைகள். அவ்வளவுதான். ஊரே வெல்ஷ் மொழி பேசியது. அங்கே அணை கட்ட லிவர்பூல் மாநகராட்சி முடிவு செய்தது. வேல்ஸ் உள்ளாட்சிகளிடம் அனுமதி கேட்காமல், நேராகப் பார்லிமெண்டில் சட்டம் கொண்டுவந்தது. 1956-ல் ஊர்க்காரர்கள் லிவர்பூலுக்கே போய் ஊர்வலம் நடத்தினார்கள். வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் 1957-ல் சட்டம் நிறைவேறியது. 1965-ல் அணை திறக்கப்பட்டது. 67 பேரில் 48 பேருக்கு வீடு போனது. கல்லறைகளில் சிலவற்றை மட்டும் வேறிடத்துக்கு மாற்றினார்கள். மற்றவை தண்ணீருக்கு அடியில்தான்.

காமர்ஸ் மாணவன் என்பதால் எனக்கு ஒரு கேள்வி. நிலத்துக்கும் வீட்டுக்கும் நஷ்டஈடு கணக்குப் போடலாம். தாய்மொழியிலேயே பேசி வாழ்ந்த ஓர் ஊர் கலைந்துபோனதைப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது?

1960களில் மெய்க் ஸ்டீபன்ஸ் என்ற எழுத்தாளர், சாலையோரம் இடிந்து கிடந்த ஒரு வீட்டுச் சுவரில் 'ட்ரிவெரினை மறவாதீர்' என்று வெல்ஷில் எழுதினார். 2005-ல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது. 2019-ல் யாரோ அந்தச் சுவரை இடித்தார்கள். மக்கள் திரும்பக் கட்டினார்கள். அதோடு விடாமல், அதே வாசகத்தை வேல்ஸ் முழுக்கச் சுவர்களில் எழுதினார்கள். ஊர் மூழ்கி 50 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

நஷ்டஈடு கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று யாராவது சொன்னால், அந்தச் சுவரைக் காட்டுங்கள்.