எழுத்தில் ஒலிக்கும் குரல்

நேருக்கு நேர் உரையாடுவோர் கருத்தால் மாறுபடினும், முகக்குறிப்பும் குரலும் அம்மாறுபாட்டின் வன்மையைத் தணித்துவிடும். எங்கள் பெரியமடுவில் முதியவரொருவர் கடிந்துரைத்தாலும், "தம்பி" என்ற விளியை முன்வைத்துச் சொல்வாராயின் கேட்போர் உள்ளம் புண்படுவதில்லை. எழுத்துக்கு இவ்வசதி இல்லை. ஆங்கே எழுதுவோனது நடையே அவன் முகம்; அதுவே அவன் குரல். இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழறிஞரின் வாதங்கள் நன்கு புலப்படுத்துகின்றன.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879), 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். 1849இல் அச்சுக்கூடமும் நிறுவினார். மேடைப் பேச்சின் தெளிவு அவர் வசனத்திற் படிந்தது. பாலபாடங்களில் பிள்ளைக்கு அறிவு கூறும் ஆசிரியரின் நிதானத்தைக் காண்கிறோம். கண்டனங்களிலோ எதிரியை முன்னிறுத்தி வினாமேல் வினாத் தொடுக்கும் வேகத்தைக் காண்கிறோம். ஒருவரே அவையறிந்து இருவேறு குரலில் எழுதினார்.

கண்டனக் குரலுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் 1867இல் 'திருவருட்பா' என்னும் பெயரால் வெளிவந்தன. அப்பெயர் தகுமா என்று எழுந்த வாதம் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அடிகளார் 1874இலும் நாவலர் 1879இலும் மறைந்தனர். பிரசுரப் போரோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஓயவில்லை. பொருள் பற்றிய வினா பின்தள்ளப்பட, ஆள் பற்றிய வசையே முன்னின்றது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901). தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் அவர் பதிப்பித்தார். அந்நூல்களின் பதிப்புரைகள் வறண்ட முகவுரைகள் அல்ல. ஏடுகள் அழிவது கண்டு அவர் பட்ட துயரமும், தேடியலைந்த உழைப்பும் அவற்றில் நண்பரோடு பேசுவது போல வெளிப்படுகின்றன. குறை கூறுவோர்க்கு அவர் விடையிறுப்பதும் உண்டு. எனினும் படிப்போரைத் தம் முயற்சியில் பங்காளராக்குவதே அவர் நடையின் தனிப்பண்பு.

பொருளதிகாரத்தின் இறுதி நான்கு இயல்களின் உரையையும் அவர் நச்சினார்க்கினியருடையதாகவே வெளியிட்டிருந்தார். அது பேராசிரியர் உரை என்பதை ரா. இராகவையங்கார், 1902இல் தோன்றிய 'செந்தமிழ்' இதழில் சான்றுகாட்டி நிறுவினார். உண்மை திருந்தியது, முதற் பதிப்பாசிரியரின் புகழோ குன்றவில்லை. வாதம் நூலைப் பற்றியதாக நின்றமையே அதற்குக் காரணம்.

தனக்கெனத் தனிநடை வாய்த்தல் எழுத்தாளனுக்குப் பேறேயாம். ஆயினும், மறுப்புரை எழுதப் புகுவோன் எதிர்தரப்பினனைத் தன் முன்னே அமர்ந்திருப்பவனாக எண்ணி எழுதுதல் வேண்டும். முகம் பார்த்துச் சொல்ல நாணும் சொல்லை ஏட்டிலும் எழுதாமை நல்லது. பேசிய சொல் காற்றோடு போகலாம். அச்சேறிய வசை, எழுதியவன் மறைந்த பின்னும் வாழ்கிறது.