கணினியில் ஓடாத வாடகை டிவிடி: ஒரு பூட்டின் வரலாறு

வாடகைக்கு எடுத்த டிவிடி, தொலைக்காட்சியுடன் இணைத்த பிளேயரில் ஓடும், கணினியில் ஓடாது. 2000-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் சந்தித்த இச்சிக்கலுக்குக் கீறலும் தூசியும் மட்டுமே காரணங்கள் அல்ல. படத் திருட்டைத் தடுப்பதற்காக 1990-களில் அமைக்கப்பட்ட பூட்டுகளும் பல நேரங்களில் காரணமாயின. காசு கொடுத்த பார்வையாளரையே தடுத்த அந்தப் பூட்டுகளின் வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

பூட்டின் தோற்றம்

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. ஒற்றை அடுக்கு வட்டில் 4.7 ஜிகாபைட் கொள்ளும். ஒரு முழுத் திரைப்படத்துக்கு அது போதும். வீடியோ கேசட்டைப் படியெடுத்தால் ஒவ்வொரு படிக்கும் தரம் குறையும். டிவிடியில் உள்ளது எண் வடிவத் தரவு என்பதால் ஆயிரமாவது படியும் அசலைப் போலவே இருக்கும். திரைப்பட நிறுவனங்கள் இதைக் கண்டு அஞ்சின.

எனவே சிஎஸ்எஸ் என்ற குறியாக்க முறை புகுத்தப்பட்டது. இதில் படத்தின் தரவு 40 பிட் சாவியால் குலைத்து எழுதப்படும். பிளேயர் தயாரிப்பாளர்கள் உரிமம் பெற்று, தமக்கென ஒரு சாவியை வாங்க வேண்டும். கணினியிலோ டிவிடி டிரைவும் படம் காட்டும் மென்பொருளும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும். அதன் பிறகே டிரைவ் சாவிகளைக் கொடுக்கும். உரிமம் பெற்ற மென்பொருள் இல்லாத கணினியில், வட்டில் உள்ள கோப்புகளின் பெயர் தெரியும், படம் தெரியாது.

இதனுடன் இன்னொரு தேவையும் இருந்தது. டிவிடி படங்கள் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டவை. அதை விரிக்கும் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் இல்லை. பவர்டிவிடி, வின்டிவிடி போன்றவற்றைத் தனியே நிறுவினால்தான் படம் ஓடும்.

மண்டலக் குறியீடு

ஒரே படம் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு நாளில் வெளியாகும். ஒரு நாட்டு வட்டு இன்னொரு நாட்டில் ஓடாதிருக்க, உலகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. அமெரிக்காவும் கனடாவும் 1, மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் 2, இந்தியா, இலங்கை, ரஷ்யா ஆகியவை 5, சீனா 6. 2000-ஆம் ஆண்டு முதல் டிவிடி டிரைவுகளின் வன்பொருளிலேயே இந்தக் கட்டுப்பாடு வைக்கப்பட்டது. பயனர் மண்டலத்தை ஐந்து முறை மட்டுமே மாற்றலாம். அதன்பின் கடைசியாக வைத்த மண்டலமே நிலைத்துவிடும்.

வாடகையும் டிவிடியும்

1998-இல் நெட்ஃபிளிக்ஸ் அஞ்சல் வழியே டிவிடிகளை வாடகைக்கு அனுப்பத் தொடங்கியது. அதே ஆண்டு சர்க்யூட் சிட்டி என்ற கடைத்தொடரின் ஆதரவில் டிவ்எக்ஸ் என்ற போட்டி முறையும் வந்தது. சுமார் நாலரை டாலருக்கு வட்டை வாங்கி, முதன்முறை ஓட்டியதிலிருந்து 48 மணி நேரம் பார்க்கலாம். பிறகு வட்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை. மீண்டும் பார்க்கக் காசு கட்ட வேண்டும். அதற்கான தனிப் பிளேயர் தொலைபேசி இணைப்பு வழியே கணக்கைத் தெரிவிக்கும். சாதாரண பிளேயரிலும் கணினியிலும் இவ்வட்டு ஓடாது. 1999 ஜூனில் இத்திட்டம் கைவிடப்பட்டது.

பூட்டு உடைந்த கதை

லினக்ஸ் பயனர்களுக்கு அப்போது உரிமம் பெற்ற டிவிடி மென்பொருள் கிடைக்கவில்லை. 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சிறிய நிரல் இணையத்தில் வெளியானது. அதை வெளியிட்டவர் நார்வேயைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் யோன் லெக் யோஹான்சென். பெயர் வெளியிடாத இருவரும் அவருடன் பங்கேற்றனர். ஒரு வணிக மென்பொருளில் சாவி சரியாக மறைக்கப்படாமல் இருந்தது அவர்களுக்கு உதவியது.

இந்த நிரலை அமெரிக்காவும் நார்வேயும் இரு விதமாகப் பார்த்தன. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டின் எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம், பூட்டைத் திறக்கும் கருவியைப் பரப்புவதையே தடை செய்தது. நிரலை வெளியிட்ட 2600 என்ற இதழுக்கு எதிராக 2000 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. நார்வேயில் யோஹான்சென் மீது குற்ற வழக்கு நடந்தது. தாம் சட்டப்படி வாங்கிய வட்டின் படத்தைப் பார்ப்பது குற்றமாகாது என்று கூறி, 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் விடுவித்தது.

பாரிஸின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வீடியோலான் திட்டம் 2001-இல் கட்டற்ற மென்பொருளானது. அதிலிருந்து வந்த விஎல்சி பிளேயர், உரிமச் சாவி இல்லாமலே படத்தின் சாவியைக் கணக்கிட்டுக் கண்டறியும் நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. சட்டச் சிக்கல் கருதி உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகள் அந்த நிரலகத்தைத் தம்முடன் சேர்த்துத் தருவதில்லை.

காரணத்தைக் கண்டறியும் வரிசை

மேற்கண்ட வரலாற்றை அறிந்தால் கோளாறை எளிதில் பிரித்தறியலாம்.

1. அதே டிரைவில் வேறொரு பட டிவிடியைப் போட்டுப் பார்க்க வேண்டும். அது ஓடினால் முதல் வட்டிலோ அதன் மண்டலத்திலோதான் சிக்கல்.
2. எந்தப் பட டிவிடியும் ஓடவில்லை, ஆனால் தரவு டிவிடி திறக்கிறது என்றால் மென்பொருள் குறை.
3. சிடி மட்டும் திறந்தால் அது சிடி டிரைவாக இருக்கலாம், அல்லது டிரைவின் டிவிடி லேசர் பழுதாகியிருக்கலாம்.
4. உறையின் பின்புறம் உலக உருண்டைப் படத்துக்குள் உள்ள எண்ணே மண்டலம். ஐந்து வாய்ப்புகளே உள்ளதால் அவசரப்பட்டு மாற்றக் கூடாது.
5. பல கை மாறிய வாடகை வட்டை, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும்.

முடிவும் தொடர்ச்சியும்

2012-இல் வந்த விண்டோஸ் 8, டிவிடி படம் ஓட்டும் வசதியைத் தன்னிடமிருந்து நீக்கியது. 2023 செப்டம்பர் 29 அன்று நெட்ஃபிளிக்ஸ் தன் கடைசி வாடகை வட்டை அனுப்பியது. சிஎஸ்எஸ் உடைந்த பிறகு திருடர்களுக்கு அது தடையாக இருக்கவில்லை. உரிய மென்பொருள் இல்லாத நேர்மையான பார்வையாளருக்கு மட்டும் தடையாக நீடித்தது. இன்றைய ஓடிடி தளங்களிலும் குறியாக்கமும் நாட்டு எல்லைகளும் உள்ளன. காசு கொடுத்தவருக்கு எந்தக் கருவியில், எந்த நாட்டில் பார்க்க உரிமை உண்டு என்ற கேள்வி வட்டுடன் முடிந்துவிடவில்லை.